இரண்டு பெயர் பொறித்த பெட்டி

நகோயா,
ஜூலை, முதல் ஞாயிறு.

மதிப்பிற்குரிய மினகுச்சி அவர்களுக்கு,

குருமதா இசோகிச்சி வணக்கத்துடன் எழுதுவது. எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். யாரிடமும் சொல்லி எழுத வைத்ததல்ல. எழுபத்திரண்டு வயதில் என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. வெட்கப்பட்டுக்கொண்டு எழுதவேண்டிய கடிதம்தான். ஆனாலும் உங்கள் பெயரை எழுதி முடித்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், சந்தோஷம் வந்துவிட்டது. அதற்கும் மன்னிக்க வேண்டும்.

இங்கே மழை இன்னும் விடவில்லை. என் மனைவி ஹருயோவுக்கு முழங்கால் வலி. நீங்கள் தங்கியிருந்த மாடி அறையில் யாரையும் வைக்கவில்லை. சோயா விழுது கரைத்த எங்கள் கறுத்த மிசோ சூப்பை முதல் நாள் பார்த்துவிட்டு, இது சூப்பா, ரோட்டுக்கு ஊற்றும் தாரா என்று கேட்டீர்களே, அதை அவள் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறாள். இரண்டாம் வருடம் நீங்களே கிண்ணத்தை நீட்டி இன்னொரு முறை கேட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

கடைகளில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்த நம் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரே வீடியோ கேம் பெட்டி செய்வது என்று முடிவானபோது, நான்தான் உங்களை எங்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். சிடி வட்டைப் படிக்கும் அந்தப் பாகத்தை எங்கள் மாடியில் உட்கார்ந்து செய்தீர்கள். அதனால் எங்கள் கம்பெனிக்குத் தலைவனாக இருக்கும் என் மகன் நொபுதாகா செய்தது, என் வீட்டுச் சோற்றைத் தின்ற ஒருவருக்கு என் வீடே செய்ததாகிறது.

போன வருடத்துக் கண்காட்சியில் நடந்ததைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். இதற்காகத்தான் எழுதவே கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் உங்கள் தலைவர் மேடையில் நம் பெட்டியைக் காட்டினார். மறுநாள் காலை நொபுதாகா ஏறினான். நாம் இருவரும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இனி எங்களோடு கைகோக்கிறவர்கள் இவர்கள்தான் என்று சொல்லிவிட்டு அவன் கையைத் திரைப்பக்கம் நீட்டினான். பெயரை வாயால் சொல்லவில்லை. பின்னால் இருந்த திரையில் எழுத்தாக விழுந்தது. கூட்டம் ஒரு நொடி முணுமுணுத்தது, பிறகு தட்டியது. நானும் தட்டினேன். உங்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தீங்களா தம்பி, உங்க கம்பெனி பேரை எவ்வளவு பெரிசாப் போட்டிருக்கான்!" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நல்லாத் தட்டுங்க ஐயா. இன்னும் சத்தமாத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். நான் தட்டிக்கொண்டேயிருந்தேன்.

அது உங்கள் கம்பெனிக்குப் பதிலாக அவன் சேர்த்துக்கொண்ட வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் என்று வெளியே தேநீர் கொடுத்த பெண்தான் சொன்னாள். அன்று எனக்குப் படிக்கத் தெரியாது, மினகுச்சி. பள்ளிக்கூட வயதில் தகர பொம்மைப் பட்டறையில் அச்சு அழுத்தப் போனவன் நான். காலையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் காணோம், நீங்கள் படியுங்கள் என்பேனே. உங்கள் கண்ணாடிக்குக் கால் முளைத்திருக்கிறது என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அந்தக் கண்ணாடி எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அன்று நான் உங்களைக் கேலி செய்ததாக ஒரு வருடமாக நினைத்திருப்பீர்கள். அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

ஊர் திரும்பியதும் மகனைக் கேட்டேன். வட்டில் வரும் விளையாட்டுகள் எல்லாம் உங்கள் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். விட்டிருந்தால் எங்கள் வீட்டுக்குள்ளேயே உங்கள் கடை உட்கார்ந்திருக்குமாம். அது உண்மையாகவே இருக்கலாம். "பிடிக்கலேன்னா முறிச்சுக்கோடா. ஆனா இனிப்புப் பெட்டியோட அவங்க வாசலுக்குப் போயி, தலை குனிஞ்சு சொல்லிட்டில்ல முறிக்கணும்" என்றேன். அவன், "ஒப்பந்தத்தை நீங்க படிச்சீங்களாப்பா?" என்றான். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது தெரிந்தவன் அவன்.

அடுத்த வாரமே மாலைப் பள்ளியில் சேர்ந்தேன். பக்கத்து இருக்கையில் இறைச்சி சுட்டு விற்கும் கொரியக்கார அம்மாள். என் எழுத்து நண்டு நடப்பது மாதிரி இருக்கிறது என்கிறாள். அவளுடையது நண்டை மிதித்தது மாதிரி இருக்கிறது. முப்பது வருடமாக நான் குளிக்கப் போகும் குளியல் கூடத்துப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தக் கோடையில்தான் தெரிந்தது. 'தரை வழுக்கும்' என்று எழுதியிருக்கிறது. நான் அங்கே விழுந்திருக்கிறேன். பலகைக்கு எதிரில் நின்று சத்தமாகச் சிரித்தேன். இப்போது தெருவில் ஒரு கடையையும் விடுவதில்லை. படித்துக்கொண்டே நடப்பதால் வீடு வந்து சேரத் தாமதமாகிறது.

போன வாரம் ஹருயோவோடு உங்கள் மனைவி தொலைபேசியில் பேசினார். உங்களை ஜன்னலோர மேசைக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், வேலை எதுவும் கொடுப்பதில்லை, நாள் முழுக்க வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னாராம். இந்த மாதக் கடைசியில் உங்கள் இயக்குநர்கள் கூடி, வீடியோ கேம் பக்கத்தை மூடிவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறார்களாமே. வேலை செய்யும் பெட்டி ஒன்றுகூடக் கையில் இல்லாமல் எதைக் காட்டிப் பேசுவேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். இருந்த பெட்டிகள் எல்லாம் கண்காட்சியிலிருந்து எங்கள் கிடங்குக்கு வந்தன. நொபுதாகா அவற்றை நொறுக்கச் சொல்லிவிட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

தொலைபேசியை வைத்துவிட்டு ஹருயோ மாடிக்குப் போனாள். மெத்தைகள் வைக்கும் அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தாள். முகப்பில் உங்கள் கம்பெனி பெயரும் எங்கள் கம்பெனி பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் நானே படித்தேன். கம்பெனி ஆட்கள் மாடியைக் காலி செய்ய வந்த அன்று ஒளித்து வைத்தாளாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்ககிட்ட சொன்னா அன்னிக்கே உங்க பையன்கிட்ட சண்டைக்குப் போயிருப்பீங்க" என்றாள். தொலைக்காட்சியில் மாட்டிப் பார்த்தோம். வட்டு சுழன்றது. படம் வந்தது.

அதை உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். இது தெரிந்தால் மகன் இந்தப் பக்கம் காலே வைக்கமாட்டான் என்று ஹருயோ சொன்னாள். சொல்லிக்கொண்டே தன் நல்ல பட்டுத் துணியை எடுத்து அவளே பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

அதில் எங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இயக்குநர்கள் முன்னால் வைத்து ஓட்டிக் காட்டுங்கள். பிறகு உங்கள் பெயர் மட்டும் போட்டு ஒரு பெட்டி செய்து எங்கள் கடைகளுக்குப் பக்கத்திலேயே விற்று எங்களை ஜெயியுங்கள். பெற்ற மகன் தோற்கட்டும் என்று எந்தத் தகப்பனும் எழுதமாட்டான், நான் எழுதுகிறேன். அவன் தோற்றால் சோறு போட நானும் ஹருயோவும் இருக்கிறோம்.

உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். மழையில் நனையாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கோபத்தில் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாலும் எனக்கு வருத்தமில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இன்னொரு கடிதம் எழுதி, அதனோடு மறுபடியும் அனுப்புவேன்.

தலை குனிந்து,
குருமதா இசோகிச்சி