கழுத்துக் கோடு

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலிருந்து சாரல். குடை ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறது, நனைந்துகொண்டே போனேன். கதிர் வைக்கிற கோபால்ட் ரூம் கதவு மறுபடியும் கிரீச். எண்ணெய் போடச் சொல்லணும்.

இசக்கிமுத்து, சீவலப்பேரி. தொண்டையில் புற்று. வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிறவர், இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. கதிர் விழவேண்டிய இடத்துக்கு நான் போட்டுவிட்ட ஊதாக் கோடு வேர்வையில் பாதி அழிந்திருந்தது. பின்னால் பெரிய வரிசை. ஏசிவிட்டேன். "ஒரு கோட்டக் காப்பாத்தத் தெரியாதா? இன்னொரு தடவ அழிச்சிட்டு வந்தா மெஷின்ல ஏத்த மாட்டேன்." சும்மா மிரட்டல்தான். அவர் மனைவி பேச்சியம்மா தலையைத் தலையை ஆட்டினாள். திரும்ப வரைந்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேய்க் காற்று. புடவையெல்லாம் மண். நேற்று ஆடி அமாவாசை, ஊரே ஆற்றில். நான் துணி துவைத்தேன்.

இசக்கிமுத்து கழுத்தில் கோடு பளிச்சென்று. ஊதாதான், ஆனால் கொஞ்சம் நீலம் ஓடியது. நம் மை இப்படியா இருக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை. கூட்டம். கோடு இருக்கிறதே, போதும்.

கதிர் சரியான இடத்தில்தான் விழுகிறதா என்று வாராவாரம் எடுக்கிற படம் இன்று எடுக்கணும். பிலிம் குறைவு. வியாழன் பார்த்துக்கலாம்.

சமையல் கேஸ் பதியணும். அம்மாவுக்கு மாத்திரை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மெஷினில் ஏற்றுமுன் இசக்கிமுத்துவுக்குப் படம். இருட்டறையில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். கோபால்ட் படம் எப்போதும் மங்கல்தான், ஆனால் தாடை எலும்பு தெரியாமலா போகும்? கதிர் விழுகிற கட்டத்துக்குள்ளே தாடை. குரல்வளை பாதிக்கு மேல் கட்டத்துக்குக் கீழே, வெளியே. முதல் நாள் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். கட்டம் மேலே ஏறியிருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் தாடைக்குக் கதிர் வைத்திருக்கிறேன்.

படத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் கூப்பிட்டுக் கேட்டதும் பேச்சியம்மா அழுதாள். "இவுக அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்கணும்லா. ஆத்துல முங்கி எந்திச்சாக, கோடு போயிட்டு. சிஸ்டர் ஏசுவாகளேன்னு மக ஸ்கெட்ச் பேனாவ வச்சு நாந்தான் வரைஞ்சேன். அதே மாதிரிதான் இருந்துச்சு."

டாக்டரம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். "கட்டிக்கு நாமளே லீவு குடுத்திருக்கோம். இவருக்குக் குரல் வேண்டாமா?" விட்ட நாளைக் கடைசியில் சேர்க்கலாம், ஆனால் ஈடாகுமா என்று சொல்ல முடியாதாம்.

நான் பிலிமையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிறம் வேறென்று தெரிந்தும் கேட்காததைச் சொல்லவில்லை. படத்தைத் தள்ளிப்போட்டதையும், ஏசினதையும்கூடச் சொல்லவில்லை. பழி முழுக்க அவள் தலையில். என்ன பிறவி நான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம். இட்லி இறங்கவில்லை.

இசக்கிமுத்து வந்தார். புதுக் கோடு அப்படியே இருக்கிறது, சுற்றிலும் அழுக்கு. "மொகங்கூடக் கழுவ விடல சிஸ்டர்," என்றாள் பேச்சியம்மா. அவர் குனிந்தபடியே, காற்றாக: "அப்பாவுக்குச் செஞ்சதே பாவமாப் போச்சு."

தாங்கவில்லை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மா ரூமுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். ஏசினது, நிறம், படம்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "திங்கட்கிழமையே எடுத்திருந்தா?"

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் மேடம்."

"எழுதிக் குடு."

சரி என்றேன். அவர்கள் பக்கம் திரும்பினேன். "ஆத்துல குளிச்சது தப்பில்ல. தப்பு என்னுது." இசக்கிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசட்டும் என்று நின்றேன். காற்றாகவே கேட்டார்:

"அப்பம், இனி அழிஞ்சா சொல்லலாமா சிஸ்டர்?"