பெரியவளின் ரெட்டைச் சுழி

என் சின்னவளுக்கு அம்மா எழுதுறது. இங்க என் உடம்புக்கு ஒண்ணுமில்ல, முட்டி வலி பழைய வலிதான், புதுசா எதுவும் சேரலை. நீ அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து ஒழுங்கா இருக்கேன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு இருப்பு கொள்ளும். போன்ல பேசினா உனக்கு அழுகை வருது, எனக்கு வாய் அடைச்சுப் போகுது, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஹலோ ஹலோன்னு சொல்லிட்டு வெச்சுடறோம், அதனாலதான் காகிதத்தை எடுத்தேன். பிழை இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ, அஞ்சாங்கிளாஸோட நின்னவகிட்ட அதுக்கு மேல எதிர்பார்க்காதே.

வீட்டுல எல்லாம் அப்படியேதான் இருக்கு. பிளம்பர் வந்தார், ஒழுகுற குழாயைச் சரி பண்ணிட்டு ஒழுகாத குழாயை ஒழுக வெச்சுட்டுப் போயிட்டார். மறுபடி கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேங்கிறார். பெரியவளோட வெள்ளைக் கோட்டைத் துவைச்சு இஸ்திரி போட்டு மருந்துக்கடையில திருப்பிக் கொடுத்தேன். எதுக்கும்மா இதெல்லாம், நீங்களே வெச்சுக்கோங்கன்னு முதலாளி சொன்னார். அங்க புதுசா ஒரு பொண்ணு கோட்டே இல்லாம சேலையோட நின்னு மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தாள், நான் அவகிட்டயே கொடுத்துட்டேன். சரியாத்தான் இருந்துச்சு, கை மட்டும் கொஞ்சம் நீளம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். பெரியவளோட டோப்பாவை நான் கொடுத்துட்டேன். முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கோவப்படறதுக்கு இப்பவே கோவப்பட்டு முடிச்சுட்டா மீதியை நிதானமாப் படிக்கலாம். கொடுக்காதே, எனக்கு அனுப்பு, கொடுத்தா உங்கிட்ட பேசவே மாட்டேன்னு நீ சொன்னது எனக்கு மறக்கலை. அது அக்கா முடின்னு சொன்னே. அதுவும் வாஸ்தவம்தான், பாதி அவ முடி, பாதி நான் டோப்பா கட்டுற பட்டறை முடி. நான் ஏன் கொடுத்தேன், எப்படிக் கொடுத்தேன்னு உனக்குத் தெரியணும், அதுக்குத்தான் இந்தக் கடிதாசு.

அதைக் கட்டின கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ போன்லதானே இருந்தே. மருந்து ஏத்தினா முடி கொட்டிடும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே பெரியவ தானே பின்னி ரப்பர் பேண்டு போட்டு, கத்திரியை என் கையில கொடுத்து, கொட்டறதுக்கு முன்னாடி எடுத்துக்கோன்னு சொல்லிட்டாள். வலைத் தொப்பியை மரத்தலையில மாட்டி, கொக்கி ஊசியால ஒவ்வொரு முடியா இழுத்து முடிச்சு போடுற வேலையை நீ பிறந்ததிலிருந்து பாத்திருக்கே, ஒரு முடிச்சு போட்டதில்ல. முடிச்சு விழறப்பவே அந்த முடி எந்தப் பக்கம் சாயும்னு தீர்மானமாயிடும். பக்கத்து முடிக்கும் இதுக்கும் சாய்வு துளித்துளியாத்தான் மாறணும், படக்குன்னு மாறினா அங்க பிளந்துக்கிட்டு டோப்பான்னு காட்டிக் கொடுத்துடும். பெரியவ தலையில எது எந்தப் பக்கம் சாயும்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல, பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் நான் சீப்பு பிடிச்ச தலை. காதோரம், நெத்தி, பிடரி எல்லாம் மளமளன்னு வந்துடுச்சு. உச்சியிலதான் மாட்டிக்கிட்டேன்.

அவளுக்கு ரெட்டைச் சுழி. வலது பக்கத்துது வலப்புறமாச் சுத்தும், இடது பக்கத்துது இடப்புறமா. ரெண்டையும் அச்சு மாதிரி கட்டிட்டேன், நடுவுல இருக்கிற முடியை அழகா இருக்கட்டும்னு பின்னாடி பாத்துப் படிய வெச்சேன். படியலை. ஒரு வரப்பு மாதிரி எழும்பி நின்னுச்சு. பிரிச்சேன், கட்டினேன், மறுபடி எழும்பிச்சு. பட்டறையில நம்ம ரேடியோ இருக்காளே, வாயை மூடாததுக்கு அவளுக்கு அந்தப் பேர் வெச்சதே நீதான், அவ வந்து பாத்துட்டு, என்னக்கா, டோப்பாவுக்குக் கொம்பு முளைக்குதான்னு கேட்டுட்டுப் போனாள். அன்னிக்குத்தான் உன்கிட்ட போன்ல புலம்பினேன். நீ உடனே, அம்மா இது என் பாடம்மான்னு துள்ளினே. அந்த வெக்டார் என்னமோங்கிற பேர் என் வாயில நுழையாது, கேக்கறவங்களுக்கெல்லாம் அம்புக்குறிப் படிப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒவ்வொரு இடத்துலயும் ஒரு அம்பு, அம்பு காட்டுற பக்கமா நகர்ந்துக்கிட்டே போனா அது ஒரு ஓட்டம், முடியும் அப்படித்தான், காத்தும் அப்படித்தான், அம்பே இல்லாத இடம்தான் சுழின்னு சொன்னே. தட்டையான தாளுக்கு ஒரு நியாயம், தலை மாதிரி வளைஞ்சு மூடின சாமானுக்கு வேற நியாயம், ஒரு பந்து பூரா முடி இருந்தா எப்படி வாரினாலும் எங்கயாவது சுழி விழுந்தே தீரும்னும் சொன்னே. ரேடியோ அதை நம்பலை. பந்து மேல கம்பளி நூலை ஒட்டிக்கிட்டு சாப்பாட்டு நேரமெல்லாம் சீவிச் சீவிப் பாத்தாள். இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் வருதுன்னு கடைசியில பந்தை வாசலுக்கு விட்டெறிஞ்சாள். இதைக் கண்டுபிடிக்கவா உன் பொண்ணு அவ்வளவு தூரம் போனாள், இங்கயே நாம காட்டியிருப்போமேன்னு இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறாள்.

நாலா பக்கமும் முடி கீழ விழற தலையில ஒரு சுழி வேணும், ரெண்டு இருந்தா நடுவுல ஒரு முட்டுற இடமும் இருந்தே ஆகணும், ரெண்டு பக்கத்து முடியும் அங்க வந்து மோதி, பாதி முன்னாடி பாதி பின்னாடியாப் பிரிஞ்சு போகும், நீ அதை அமுக்கப் பாக்கற, அதான் அடங்கலை, இருக்க விடு அம்மான்னு நீ சொன்னே. பெரியவ தலையில துண்டைச் சுத்திக்கிட்டு பக்கத்துலதான் உக்காந்திருந்தாள். என் மண்டைக்கு ரெண்டு பேரும் கமிட்டி போட்டாச்சான்னு கேட்டாள். அப்புறம் அவளே, ஏண்டி, ஒரு சுழியா மாத்த முடியாதா, நானும் கொஞ்சம் அடக்கமான பொண்ணாத் தெரிவேனேன்னு உன்னைச் சீண்டினாள். நீ விளையாட்டாவா எடுத்துக்கிட்டே, அதுக்கும் வழி சொன்னே. ஒரு சுழியை முதல்ல சுத்த விடாம விசிறி மாதிரி நேரா விரிச்சிடணும், அப்புறம் அதை அந்த முட்டுற இடத்துப் பக்கமாக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக்கிட்டே வரணும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா ரெண்டுமே காணாமப் போயிடும், மிச்சம் ஒரு சுழி, கீழ காதோரத்துல ஒரு முடிகூட மாற வேண்டியதில்லன்னு சொன்னே. பெரியவ கேட்டுட்டு, வேணாம்மா ரெண்டையும் வை, ஒண்ணு போச்சுன்னா கடையில என்னை யாருன்னு கேப்பாங்கன்னு சொன்னாள். வெச்சேன். நடுவுல முட்டுற இடத்தையும் வெச்சேன், டோப்பா தலையில போய் உக்காந்துக்கிச்சு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் அவ கடைசியா வேலைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில அவ சாமானோட அதையும் ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. நான் கொண்டு போய் பட்டறையில என் பலகைமேல மரத்தலைக்கு மாட்டி வெச்சேன். வீட்டுல வெச்சா பாத்துக்கிட்டே இருப்பேன், பட்டறையில நாலு பேருக்கு நடுவுல வேலை இருக்கும்னு நினைச்சேன். ஆனா அங்கயும் போனதும் அதுக்குத் தண்ணி தெளிச்சு வாரி விடறது, சாயங்காலம் கிளம்பறப்ப ஒரு தடவை வாரறது, நடுவுல கை சும்மா இருந்தா ஒரு தடவைன்னு ஆயிடுச்சு. எடுத்த வேலை எல்லாம் தேங்கிக் கிடந்துச்சு. நம்ம பட்டறையோட மூக்குக்கண்ணாடிக்கார முதலாளி ஒண்ணும் கேக்கலை, என் வேலையையும் சேர்த்து அவரே உக்காந்து முடிச்சு போட்டுக்கிட்டு இருந்தார்.

போன மாசம் ஒரு பொண்ணு வந்தாள். பஸ் நிலையத்துல டிக்கெட் கொடுக்கிற கவுண்ட்டர்ல வேலை, நம்ம பெரியவளை விட ரெண்டு மூணு வயசு சின்னவளா இருப்பாள். அவளுக்கும் அதே வைத்தியம், நல்லபடியா முடிஞ்சுதாம், முடி இன்னும் வரலை. அடுத்த திங்கக்கிழமை வேலையில சேராட்டா இடம் போயிடும்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம். ரொம்பச் சின்னத் தலை, கட்டி வெச்சிருந்தது எதைப் போட்டாலும் புருவத்துக்கு இறங்குது, புதுசாக் கட்ட மாசக்கணக்கு ஆகும். என் பலகையைப் பாத்துட்டு, அதைப் போட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டாள். அது விக்கறதுக்கில்லன்னு சொல்லிட்டேன். சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டு, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி, கொண்டு வந்த துணியைத் தலையில கட்டிக்கிட்டுப் போயிட்டாள். அவ போனதும் ரேடியோ ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, அக்கா, நீங்க மரத்துக்குத் தலை வாரிக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னாள். எனக்கு அவளை அறையணும் போல இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம்தான் உனக்கு போன் பண்ணினேன், நீ கூடாதுன்னு சொன்னே.

நீ சொன்னதுக்கு அப்புறமும் மறுநாள் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். போட்டுப் பாக்கட்டும், அளவு சேரலைன்னா எல்லார் மனசும் ஆறிடும்னு ஒரு நினைப்பு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்துச்சு. அவ கண்ணாடியில பாத்துக்கிட்டே உச்சியில எழும்பி நிக்கிற இடத்தை உள்ளங்கையால அமுக்கினாள். எழும்பிச்சு. மறுபடி அமுக்கினாள். நல்லா இருக்கும்மா, தூங்கி எழுந்து வந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான், ஆனா நான் கவுண்ட்டர்ல கீழ உக்காந்திருப்பேன், வர்றவங்க எல்லாரும் நின்னுக்கிட்டு என் உச்சியைத்தான் பாப்பாங்க, பரவாயில்லன்னு சொல்லிட்டுச் சிரிச்சாள். மூணாவது தடவையும் கை தானா மேல போச்சு. பள்ளிக்கூடம் கிளம்பறப்ப பெரியவ அமுக்குவாளே, அதே மாதிரி. என் வாய் என்னைக் கேக்காமலே, இன்னிக்கு வெச்சுட்டுப் போம்மா, சனிக்கிழமை வா, சரி பண்ணித் தரேன்னு சொல்லிடுச்சு.

நீ சொன்ன வழியிலதான் செஞ்சேன். ஜன்னல் பக்கமா உக்காந்து, இடது பக்கத்துச் சுழியை எடுத்துக்கிட்டேன். சுத்தறதை முதல்ல பிரிச்சு நேரா விரிச்சுக் கட்டினேன். அப்புறம் ஒரு வரிசை பிரிக்கிறது, சாய்வை மாத்தி அதையே கட்டறது, அடுத்த வரிசை. முட்டுற இடத்துக்கு வர்ற வரைக்கும் நிறுத்தாமக் கட்டினேன். அங்க வந்ததும் கொஞ்ச நேரம் எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். ரேடியோ தன் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு வந்து எனக்கு எதிர்ல உக்காந்து, பிரிச்ச முடியை நிறம் பாத்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கடைசி ரெண்டு வரிசையில சுழியும் போச்சு, முட்டுற இடமும் போச்சு. வலது பக்கத்துச் சுழி மட்டும் அப்படியே இருக்கு. காதோரமும் பிடரியும் ஒரு முடிச்சுகூடப் பிரிக்கலை, அங்கேயெல்லாம் பெரியவ எப்படியோ அப்படியேதான், பக்கத்துல இருந்து பாக்கறவங்களுக்கு மேல எத்தனை சுழின்னு தெரியவே தெரியாது. அந்தப் பொண்ணு சனிக்கிழமை வந்து போட்டுக்கிட்டு, கையை மேல கொண்டு போய், அமுக்க ஒண்ணும் இல்லாததால கையைக் கீழ விட்டாள். விலை பேசலை. யாரோடதுன்னு அவ கேக்கலை, நானும் சொல்லலை. திங்கக்கிழமை வேலைக்குப் போயிருப்பாள். நான் போய்ப் பாக்கலை, பாக்கவும் போறதில்ல.

உனக்கு அனுப்ப ஒண்ணும் மிச்சமில்லடி கண்ணு. பிரிச்சதையெல்லாம் அதுலயே கட்டிட்டேன், வேற முடி போட்டா நிறம் காட்டிக் கொடுத்துடும். நீ கேட்டது நியாயம், நான் செஞ்சதும் செஞ்சாச்சு. உனக்கு அவ அக்கா, அது உன் கணக்கையும் கேட்டுக் கட்டினது, உன்னைக் கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கணும், கேட்டேன், நீ வேணாம்னே, மீறிட்டேன். திட்டணும்னா திட்டு, நான் வாங்கிக்கறேன். பேச மாட்டேன்னுதான் சொன்னே, எழுத மாட்டேன்னு சொல்லலை.

எழுதறப்ப எனக்கு ஒரு சந்தேகம் தீர்த்து வை, இங்க யாரையும் கேக்க முடியலை. சுழி போன இடத்துல இப்ப ஒண்ணுமே இல்ல, முடி எல்லாம் ஒரே பக்கமாத்தான் போகுது, கண்ணால பாத்தா கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா கொடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை வாரினேன், அந்த இடத்துக்கு வந்ததும் சீப்பு கொஞ்சம் தயங்கிட்டுத்தான் போச்சு. மறுபடி வாரினேன், மறுபடியும் தயங்கிச்சு. முடியை விலக்கிப் பாத்தேன், முடிச்சுல ஒரு தப்பும் இல்ல. என் கைதான் அப்படிப் போகுதா, இல்ல ரெண்டு சேர்ந்து மறைஞ்ச இடத்துல ஓட்டம் அப்படித்தான் இருக்குமா, உங்க படிப்புல இதுக்கு ஏதாவது பேர் இருக்கா? இருந்தா எனக்குப் புரியற மாதிரி எழுது.

உடம்பைப் பாத்துக்கோ, வாத்தியார்கிட்ட கொடுக்க வேண்டியதை நாள் கடத்தாம எழுதிக் கொடுத்துடு. நீ நல்லா இருக்கணும், நினைச்சது கைகூடி நிறைஞ்சு இருக்கணும், எனக்கு வேற வேண்டுதல் இல்ல.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேருக்கும் அம்மா