குழியில் கொட்டிய உப்பு

1944 அக்டோபர் 24, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். தண்ணீர் காய்ச்ச வழியில்லை. மகள் ராணிக்கு வயிற்றுப்போக்கு, ஆறாம் நாள். ஐந்து வயதுப் பிள்ளை, இடுப்பில் பாவாடை நிற்கவில்லை. பயமாக இருக்கிறது.

கிணற்றின்மேல்தான் சந்தேகம். ஜப்பான்காரன் வந்து குழாய் நின்றபின், எங்கள் ரயில்வே லைன் வீட்டு வரிசையில் நாலு வீடும் சேர்ந்து தோண்டியது. கக்கூஸ் குழி பதினைந்து அடி தள்ளி. சொன்னால் பக்கத்து வீட்டு முத்தையா அண்ணன் சண்டைக்கு வருகிறார். "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு லா! இத மூடிட்டு எங்க போறது?" அடுத்த கிணறு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அரை மைல்.

25, புதன்
வேலையிடத்தில் கழித்துப்போட்ட சாமான்: செத்த டார்ச் பேட்டரியின் கரிக்குச்சி இரண்டு, பஸர், சிக்னல் பேட்டரி, டெலிபோன் காதுக்குழல். எல்லாம் கம்பியால் கோத்தேன். குச்சிகள் தண்ணீரில், குழல் காதில். தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் மின்சாரம் அதிகம் ஓடும், சத்தம் கூடும். மழைத்தண்ணீர்: கொசு ரீங்காரம். வீட்டு வாளி: காதே கிழிந்தது. "கெணறு கெட்டுப்போச்சு!" என்று கத்திவிட்டேன். லைனே கூடிவிட்டது.

என் வீட்டுக்காரி செல்லம் மெதுவாக: "ராணிக்குக் கண்ணு பட்டிருக்கும்னு உப்பு சுத்தி அந்த வாளியிலதாங்க கரைச்சேன்."

ஒரே சிரிப்பு. மானம் போயிற்று. புதிதாக இறைத்த தண்ணீர், மழைத்தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் பலம். அது வெறும் மண்ணிலிருந்து கரைந்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்த உப்பு! அதைக் குழியில் கொட்டினால்? கிணற்றில் சத்தம் கூடினால் குழித்தண்ணீர் கிணற்றுக்கு வருகிறது என்று அர்த்தம். இவ்வளவு நாள் தோன்றவில்லையே. செல்லத்துக்கு நன்றி.

26, வியாழன்
மழை விட்டது. குடிக்க, கூரையில் பிடித்த மழைத்தண்ணீர் மட்டும். எங்கள் உப்பு டின் காலி, போதவில்லை. கடையில் கிடைப்பதும் இல்லை. கேட்கக் கூச்சம். கேட்காமலே கடைசி இரண்டு வீட்டிலிருந்தும் வந்தது. சாயங்காலம் முத்தையா அண்ணன், கருவாட்டுக்காகக் கடலோரக் கிள்ளானிலிருந்து சுமந்து வந்த ஒரு சட்டி உப்போடு. "கெணத்துல ஒண்ணுமில்லன்னு காட்டுறேன் பாரு." அவரே குழியில் கொட்டினார்.

27, வெள்ளி
வேலைக்கு மட்டம்.
காலை 7: புதனன்று கேட்ட சத்தமே.
10: அதே. அண்ணன் மீசையை முறுக்குகிறார்.
1: கூடியதுபோல். என் ஆசையோ?
4: கூடியேதான் இருக்கிறது.
6: குழலை அண்ணன் காதில் வைத்தேன். ரொம்ப நேரம் கேட்டார். மீசையிலிருந்து கையை எடுத்தார்.

28, சனி
நல்ல வெயில். கிணற்றின்மேல் பலகை அடித்தது அண்ணன்தான். பிறகு இரண்டு டின்னோடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கக் கிணற்றுக்குப் போய்வந்தார். முதல் டின் எங்கள் வாசலில். "காஞ்ச வெறகு வெச்சிருக்கேன். காச்சி புள்ளைக்குக் குடு." கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

நேற்றிலிருந்து ராணிக்கு ஒரே தடவைதான் போயிற்று. இன்று தானாகவே கஞ்சி கேட்டாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "உப்பே இல்லப்பா."

நாலு வீட்டிலும் இல்லை, கண்ணு.