முப்பத்தொன்றாம் தேதிச் சோறு

நேற்று சாயங்காலம் நாடகம் பாதி நடக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிட்டேன், பங்காளி. நெஞ்சு வலி இல்லை, மயக்கமும் இல்லை. பயம். கல்யாண மண்டபத்து வாசலில் நின்று தண்ணீர் குடித்தேன்.

இன்று காலை நெய்க்கடையைத் திறந்ததும், நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து வந்த வெண்ணெயைக் காய்ச்ச ஏற்றினேன். முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டதும் எழும்பியதே அந்த வாசனை, அதில் நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். பின்னறையில், நெய் டின்கள் அடுக்கிய சுவரோரம், பனியன் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குரலை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராசிபுரம் கடைவீதி தூங்கும். அப்போதுதான் நம் வாசிப்பு. நீங்கள் பட்டுச் சேலைக் கடையைப் பூட்டிவிட்டு வருவீர்கள். நூலகத்திலிருந்து எதையாவது எடுத்து வருவீர்கள். படிப்பு ஏறாத எனக்கு, உங்கள் வாயால் கேட்டதுதான் படிப்பு. ஒருநாள், இங்கிலாந்தில் நானூறு வருசத்துக்கு முன்னால் எழுதிய நாடகம் என்று ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தீர்கள். வயசான ராஜா. மூன்று பெண்கள். என் மேல் யாருக்கு எவ்வளவு பிரியம், சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி நாட்டைப் பிரித்துத் தருகிறேன் என்கிறான். மூத்த இருவரும் தேனாகப் பேசுகிறார்கள். கடைசிப் பெண்ணுக்கு அப்படிப் பேச வரவில்லை. அவளைத் துரத்திவிடுகிறான். பிறகு மற்ற இருவர் வீட்டிலும் இடமில்லாமல் போய் மழையில் நிற்கிறான்.

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. "ஏனுங்க பங்காளி, வாயால சொன்ன சரக்கை எவனாச்சும் வாங்குவானுங்களா? நெய்யின்னா புறங்கையில தேச்சு மோந்து பாக்கோணும். இவன் டப்பா மேல ஒட்டுன காயிதத்தைப் படிச்சுட்டு நாட்டையே குடுத்துட்டானே!"

டீ கொண்டுவந்த கடைக்காரர் நின்று கேட்டுவிட்டு, "ஒரு வார்த்தை சொல்ல அந்த ஊருல மந்திரி ஒருத்தனும் இல்லீங்களா?" என்றார். இருந்தான், அவனையும் துரத்திவிட்டான் என்றீர்கள். என் வீட்டுக்காரி சாப்பாட்டுக் கேரியரை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டாள்: "மூணு புள்ளை இருக்குது, பெத்தவ எங்கீங்கண்ணா? கதை முழுக்க அவ பேச்சே காணோம்?" நீங்கள் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினீர்கள். "அட, ஆமாந்தாயி. எழுதுனவன் மறந்துட்டான் போல." சிரிப்பான சிரிப்பு. சேலம் போகிற பஸ்ஸின் ஹாரன்கூட அன்றைக்குக் காதில் விழவில்லை.

கடைசியில் புத்தகத்தை மூடி நீங்கள் சொன்னது இது: "ராஜா ஊட்டுக் கதைங்க பங்காளி. நம்ம ஊட்டுக்கு வராது."

அடுத்த தை மாதம் உங்கள் சொத்தை எழுதி வைத்தீர்கள். சேலைக்கடை உங்கள் பெரிய பையனுக்கு, நாமக்கல் ரோட்டுக் கடைகளும் தோட்டமும் சின்னவனுக்கு, இருந்த வீடு இருவருக்கும் பொது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். பத்திரம் எழுதுகிறவர் ஒரு மரியாதைக்குக் கேட்டார்: "உங்க ஆயுசு வரைக்கும் ஊட்டுல இருந்துக்கற மாதிரி ஒரு வரி சேர்த்துடலாங்களா?" நீங்கள் கையை வீசினீர்கள். "பெத்த புள்ளைங்ககிட்ட அக்ரிமெண்ட்டா? ஊர் சிரிக்கும்." உரைகல்லில் உரசாமல் ஒரு முழம் ஜரிகை வாங்காத மனுசர் நீங்கள்.

உங்கள் மகள் மேச்சேரியிலிருந்து, சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தது. கல்யாணத்தில் செய்ததோடு சரி என்பதுதானே நம் பக்கத்து வழக்கம். அது பேனாவைப் பிடித்தபடி, "எனக்கு ஒண்ணும் வேண்டாங்கப்பா. ஊட்டை மட்டும் உங்க பேருல வெச்சுக்குங்க" என்றது. அவ்வளவுதான். "அண்ணனுங்களைச் சந்தேகப்படறியா?" என்று எல்லோர் எதிரிலும் கத்தினீர்கள். அது கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போயிற்று. அப்புறம் மகள் போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள்.

வருசம் திரும்புவதற்குள் பொது வீட்டை வாடகைக்கு விட்டார்கள். உங்களுக்கு முறை வைத்தார்கள். ஒரு மாதம் இங்கே ராசிபுரத்தில் பெரியவன் வீடு, மறு மாதம் நாமக்கல்லில் சின்னவன் வீடு. முதல் தேதியானால் சொந்தக் கடைப் பையில் ரெண்டு வேட்டியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். "ரெண்டு ஊருக் காத்தும் கெடைக்குது, நல்லாத்தானுங்க இருக்குது" என்பீர்கள். முகம் நன்றாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

கவனித்தவள் என் வீட்டுக்காரிதான். ஆகஸ்டு கடைசியில் கேட்டாள். "அண்ணன் முப்பத்தொண்ணாந் தேதியானா பையோட நம்ம கடைக்கு வந்துடறாரே, பாத்தீங்களா? போன மாசமும் வந்தாரு. முப்பதோட முடியற மாசத்துல வரதில்ல."

விசாரித்தபோதுதான் தெரிந்தது. மாதம் என்றால் முப்பது நாள், முப்பதோடு எங்கள் முறை தீர்ந்தது என்பார்களாம் இந்த வீட்டில். இன்னும் ஒன்றாம் தேதி பிறக்கவில்லையே என்பார்களாம் அந்த வீட்டில். யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. தட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் என் கேரியரில் பங்கு போட்டுக்கொண்டு, அடுத்த முறைக்காரன் வீட்டில் எல்லோரும் படுக்கும் நேரமாகப் பார்த்து, "சாப்ட்டுட்டேன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவீர்களாம். எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று எத்தனை தரம் கூப்பிட்டேன். "வேண்டாங்க. பசங்களுக்குக் கெட்ட பேரு."

உடம்பு முடியாமல் படுத்த பிறகு உங்களைக் காரில் அழைத்துப் போனது மகள்தான். மேச்சேரிக்குப் பார்க்க வந்தேன். ஆட்டுப்பட்டி ஓரமாக வேப்பமரத்தடியில் கட்டில். தலைமாட்டில் கஞ்சித் தூக்கு. உங்கள் மகள் ஒரு குட்டியைத் துரத்திக்கொண்டு, "அப்பா, இது உங்க போர்வையைத் தின்னுபோடும், பாத்துக்குங்க" என்றது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்கள்: "அந்தக் கெழவனைப் பாத்து அப்புடிச் சிரிச்சமே பங்காளி." அதன் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

இப்போது என் முறை. வருகிற புதன்கிழமை கடையையும் காட்டு நிலத்தையும் வீட்டையும் என் பையன்கள் இருவருக்கும் எழுதி வைப்பதாக இருந்தேன். உங்களுக்கு எழுதியவரேதான் பத்திரம் தயார் செய்திருந்தார். அதே வாசகம். ஆயுசு வரைக்கும் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்கிற அந்த வரி அதிலும் இல்லை. என் மகளின் விடுதலைப் பத்திரமும் தயாராக இருந்தது.

இந்த நேரத்தில்தான் சேலத்து நாடகக் குழுப் பிள்ளைகள் அந்த ராஜா நாடகத்தை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிப் போடுகிறார்கள் என்று பையன்களே டிக்கெட் வாங்கி அழைத்துப் போனார்கள். ராஜாவை நாமக்கல் கோழிப்பண்ணை முதலாளி ஆக்கிவிட்டார்கள். கிரீடத்துக்குப் பதில் லாரிச் சாவிக்கொத்து. பெண்களில் மூத்த இருவரைப் பையன்களாக்கிவிட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். திடீரென்று மேடையில் இரண்டு மருமகள்கள் நாள்காட்டியைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி மாமனாருக்கு யார் சோறு போடுவது? யார் சொல்லி அதைச் சேர்த்தார்களோ தெரியாது. உங்கள் ஒருவர் வீட்டில் மட்டும் நடந்ததில்லை போலிருக்கிறது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தர், "எங்கூட்டுக் கணக்கை எவன்டா இவனுங்களுக்குச் சொன்னான்?" என்று சத்தம் போட, இன்னும் சிரிப்பு.

என் இரண்டு பக்கமும் என் இரண்டு பையன்கள். இருவரும் சிரித்தார்கள்.

அதில்தான் எழுந்தேன், பங்காளி. என்ன சிரிப்பு அது? மேடையில் வேடிக்கை என்று சிரித்தார்களா, நடக்கக்கூடியதுதானே என்று சிரித்தார்களா? நெய்யில் ஒரு துளி பாமாயில் இருந்தாலும் என் மூக்கு சொல்லிவிடும். பெற்ற பிள்ளையின் சிரிப்பை எந்தப் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பது? நாமும்தானே சிரித்தோம், அந்தப் பின்னறையில். நம்மிடம் கெட்ட எண்ணமா இருந்தது? அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. உங்கள் பையன்களும் கெட்டவர்களாகப் பிறக்கவில்லை. என் மடியில் விளையாடியவர்கள்தான்.

என் சின்னவன் பின்னாலேயே ஓடிவந்தான். "என்னாச்சுங்கப்பா? ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா?" கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அதையும் உற்றுப் பார்த்தேன். அப்படிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை வெண்ணெய் காய்ந்து இறங்கியதும் என் பையன்கள் இருவரையும் கடைக்குள் உட்கார வைத்தேன். வீட்டுக்காரியும் இருந்தாள். பத்திரத்தை மாற்றி எழுதப் போகிறேன் என்றேன். பெரியவன் முகம் சுருங்கியது.

"நாடகத்தைப் பாத்துப் பயந்துட்டீங்களாப்பா? அது எந்தக் காலத்து ராஜா ஊட்டுக் கதைங்க."

"பெரியப்பாவும் இதையேதான் சாமி சொன்னாரு."

உங்களைச் சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாவு வீட்டில் உங்கள் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருத்தன். பிறகு, "எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றான். குரல் உடைந்தது. நம்பிக்கை இருக்கிறது, பயமும் இருக்கிறது, இரண்டும் ஒரே சட்டியில் கிடக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். சின்னவன், "உங்களுக்கு எப்புடித் தோணுதோ அப்புடியே எழுதிக்குங்கப்பா" என்றான், சட்டென்று. இவ்வளவு சீக்கிரம் ஏன் ஒத்துக்கொண்டான் என்று அதற்கும் ஒருதரம் பயந்தேன். இந்தப் பயம் இனி போகாது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான்.

வீட்டுக்காரி மட்டும் தெளிவு. "எம் பேரையும் அதுல எழுதச் சொல்லுங்க. அந்த ராஜா பொண்டாட்டி மாதிரி நான் காணாமப் போகமாட்டேன்." பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிரிப்பு பயமாக இல்லை.

பத்திரம் எழுதுகிறவரைக் கடைக்கே வரச் சொல்லி, எல்லோர் எதிரிலும் பேசி முடித்தது இது. கடை பையன்கள் இருவருக்கும் சரிபாதி, இந்தப் புதன் முதல். காட்டு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மகளுக்கு, மீதி பையன்களுக்கு, விடுதலைப் பத்திரம் கிடையாது. வீடும் கிணறும் என் காலமும் வீட்டுக்காரி காலமும் தீருகிற வரை எங்களுடையவை, அதற்குப் பிறகு மூவருக்கும். எங்களுக்கு முறை வைப்பதில்லை. சோறு எங்கள் அடுப்பில், மாதத்துக்கு எத்தனை நாள் இருந்தாலும்.