பொருத்தலாம்

என்னங்க,

பாப்பாவை ஏன் ஸ்கூல் வேனில் அனுப்புவதில்லை என்று போனில் கேட்டீர்கள். தூக்கம் வருவதாகச் சொல்லி மழுப்பினேன். தூக்கம்தான் வரவில்லை.

வேன் கம்பெனிகளுக்காக அமைச்சர் அலுவலகத்தில் பேசுவதுதானே என் வேலை. புது விதியில் பிள்ளைகளின் சீட்டுகளுக்கு "பெல்ட் பொருத்த வேண்டும்" என்றிருந்தது. பேசிப் பேசி அதைப் "பொருத்தலாம்" என்று மாற்ற வைத்தேன். ஆபீஸில் எனக்காகக் கேக் வெட்டினார்கள்.

இன்று காலை எதிர்வீட்டு அக்கா தன் மகனை வேனில் ஏற்றியபடி, "உனக்கெதுக்குடி தினமும் இந்த அலைச்சல்? இவன் வேன்லதான போறான், குத்துக்கல்லாட்டம் இருக்கான் பாரு" என்று சிரித்தார்.

"அவனை இறக்குங்கக்கா, நம்ம கார்லயே விட்டுடறேன்" என்றேன்.

"தங்கமான மனசுடி உனக்கு" என்று அவனை இறக்கிவிட்டார்.

வேன் கிளம்பியது. ஜன்னல் நிறையப் பிள்ளைகள் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டு போனார்கள்.

உங்கள்
பாப்பா அம்மா