தொட்டால் புள்ளி வெட்டுவார்கள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சாரங்கன் அறிய,

றொஹானின் அம்மா, உன் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி எழுதுகிறேன். லண்டன் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று லூசியாள் கோவிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால் உன் அம்மா அனுப்பும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதையும் வைக்கச் சொன்னேன். அதையாவது பிரிப்பாய்தானே.

உன் அம்மா சிவமணி வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி வந்து போகிறா. முழங்கால் வருத்தத்தோடு எங்கள் படி ஏறி, கொண்டுவந்த இடியப்பத்தை வைத்துவிட்டு, றொஹானின் காலைத் தடவிக்கொண்டு இருப்பா. நீ அவவோடும் சரியாகக் கதைக்கிறாய் இல்லையாம். ஜிம்னாஸ்ரிக் நடக்கிற பக்கமே போவதில்லையாம், கடையில் பெட்டி அடுக்குகிறாயாம். நீ அனுப்பிய காற்று மெத்தை வந்து சேர்ந்தது. றொஹானின் முதுகுப் புண் ஒரு பக்கம் காய்ந்திருக்கிறது. மறுபக்கம் அப்படியேதான்.

அவனைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கம்பியிலிருந்து விழுந்த அன்று போலவே கழுத்துக்குக் கீழே அசைவில்லை, ஒன்றும் மாறவில்லை. கம்பி பிடித்து உள்ளங்கையில் இருந்த காய்ப்பெல்லாம் உரிந்துபோய்விட்டது. எனக்கு ஒரு வாய் சோறு தீத்தும்போது முகத்தில் பட்டாலே கீறும் என்று நான் ஏசுவேனே, அந்தக் கை இப்போது பிள்ளைக் கை மாதிரி இருக்கிறது. நாட்டுக்கே சம்பியன் என்று பேப்பரில் படம் போட்டவர்களும் பூங்கொத்தோடு வந்தவர்களும் இப்போது வருவதில்லை. மெடல்களின் நாடாவை எடுத்து என் மனுசன், உன் கிளெமென்ற் அங்கிள், நுளம்பு கடிக்காமல் வலை கட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. றொஹான்தான், இப்பவாவது அது ஒரு வேலை செய்யுது அம்மா, விடுங்கோ என்றான்.

போன கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர் என்றாலும் அங்கிளுக்கு இப்போது இடுப்பு இல்லை. குளிக்க வார்க்க அவனைத் தூக்கியபோது கை வழுக்கிவிட்டது. நான் கத்திவிட்டேன். இவன் என்னவென்றால் சிரிக்கிறான். நல்லா இறுக்கிப் பிடியுங்கோ டடா, இங்க புள்ளி வெட்ட ஆக்கள் இல்லை என்றான். என்னடா அது என்று கேட்டேன். தண்ணி ஆறுது, ஊத்துங்கோ என்று பேச்சை மாற்றினான். நான் விடவில்லை.

பிறகுதான் சொன்னான். அவன் விழுந்த வருடம் உன் தோள்பட்டை விலகி நீ போட்டியில் இறங்கவில்லை, கம்பிக்குக் கீழே அவனுக்குக் காவலுக்கு நின்றாய். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். கீழே நிற்பவன் ஆடுகிறவனைத் தொட்டால் நடுவர்கள் புள்ளி வெட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கம்பி தவறினாலும் என்னைத் தொடாதே மச்சான், நான் பார்த்துக்கொள்ளுவன் என்று ஏறுவதற்கு முன் உனக்குச் சொன்னவன் அவன்தானாம். நீ கையை நீட்டியதையும் பிறகு இழுத்ததையும் மேலேயிருந்தே கண்டானாம். நான் சொன்னதை அவன் கேட்டான் அம்மா, வேற ஒண்டும் இல்லை என்றான். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்ப முடிவது அது ஒன்றுதான்.

மகன், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவன் விழுந்ததற்காக இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் கண் முழித்து முதலில் உன்னைத்தான் கேட்டான், நீ இல்லை. பிறகு ஒருநாள் பிளேன் ஏறிவிட்டாய் என்று கேள்விப்பட்டோம். மெத்தை அனுப்பினாய், மருந்து அனுப்பினாய், உன் குரலை மட்டும் அனுப்பவில்லை. சின்ன வயதிலிருந்து எந்தப் போட்டியிலும் அவன் முதலாவது, நீ இரண்டாவது. ஒருநாளும் உனக்கு எரிச்சல் வந்ததில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இவ்வளவு காலம் அங்கே தனியாக இதைச் சுமந்துகொண்டு இருக்கிறாயே என்று நினைக்க எனக்கு அழுகைதான் வருகிறது.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது. சிறுநீரில் கிருமி ஏறி ஏறிக் காய்ச்சல் வருகிறது. இன்னொரு காய்ச்சலை உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஃபாதர் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். உன்னைக் கூப்பிடச் சொல்லி அவன் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை படியில் சத்தம் கேட்டால், சிவமணிக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறான்.

போட்டிக்குப் போகும் நாட்களில் அவனுக்குப் போட்ட கையோடு, நீ பூசியிருக்கும் திருநீற்றின் மேலேயே உனக்கும் ஒரு சிலுவை போட்டு அனுப்புவேன், நினைவிருக்கிறதா? இங்கேயிருந்தே அதைப் போடுகிறேன். மாதா உன்னைக் கைவிட மாட்டா. டிசம்பரில் நத்தார் வரும்வரை பார்த்திருக்காதே, சீக்கிரம் வா மகன். அங்கிளால் இனித் தனியாக முடியாது. கடைசியாக அவனை வெளியே எடுக்கும்போதாவது ஒரு பக்கம் நீ பிடிக்க வேண்டும்.

உன் அன்ரி,
கொன்ஸ்ரன்ஸ்