பதினாறாம் தானமும் தம்பியின் வலையும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று. துவைத்த உடுப்பில் பாதி அடுத்த வீட்டு வேலியில். சமையல் காஸ் முடியப் போகிறது, சொல்லி வைக்க வேண்டும்.

பின்னேரம் தேத்தண்ணியோடு என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் அதே பழைய சண்டை. பதினெட்டு வருடமாக உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிற மனிதர். ஒவ்வொரு வருடமும் முதல் பாடம் இதுதான்: இந்தத் துறைமுகத் தண்ணீரில் ஒவ்வொரு துளியும் இப்போது எங்கே, என்ன வேகம் என்று முழுதாக அறிந்த ஓர் அறிவு இருந்தால், நாளைக்கு எந்தத் துளி எங்கே நிற்கும் என்று அது சொல்லிவிடும்.

"அந்த அறிவு அதையெல்லாம் எதில எழுதி வைக்கும்? புள்ளிக்குப் பிறகு எத்தினை தசமதானத்துக்கு?" என்றேன்.

"எல்லாத் தானத்துக்கும்."

"அதுக்குக் கொப்பி காணாது."

"நீர் கம்ப்யூட்டரை வச்சுக் கடவுளை அளக்கிறீர்."

0.1ஐப் பத்துத் தரம் கூட்டிக் காட்டினேன். திரையில் 0.9999999999999999. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "உம்மட மெசின் பிழை."

பிறகு அதே திரையில் இரட்டை ஊசல். ஓர் ஊசலின் நுனியில் இன்னொன்று. அப்படி இரண்டு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. தொடங்கும் கோணத்தில் பதினாறாம் தானத்தில் மட்டும் ஒரு துளி வித்தியாசம். முதலில் ஒன்றின் மேல் ஒன்று, ஒரே ஊசல் போல. அரை நிமிடம் போக நீலம் மேலே, சிவப்பு கீழே. அதன்பின் ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாத ஆட்கள் மாதிரி.

நான் எழுதிய புரோகிராம்தான். எத்தனை தரம் பார்த்தாலும் உடம்பு புல்லரிக்கிறது. அவருடைய தேத்தண்ணி ஆறிப்போனது.

ஜூலை 9, புதன்

சல்லிக் கரையில் கடல்தொழில் செய்கிற தம்பி வந்தான். முகம் செத்துப்போய். நேற்று இரவு கடலில் விரித்திருந்த வலைக்கு மேலால் ஏதோ கப்பல் போய், பாதி வலை அறுந்துவிட்டது.

"அடையாளத்துக்குக் கட்டின கொடிக்கம்போட போயிட்டுது அக்கா. விடிஞ்சாப் பிறகும் தேடினனான். காணேல்ல."

மிச்ச வலையை வைத்துத் தொழில் செய்ய ஏலாதாம். கிடைக்காவிட்டால் போட்டை விற்றுவிட்டுச் சீனன்குடாவில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறானாம். கதிரையில் ஒரு மணித்தியாலம் இருக்க மாட்டான். அவனைக் காக்கிச் சட்டையோடு நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். "உம்மட மெசினைக் கேளுமன்."

வலை அறுந்த இடத்தை ஃபோனில் பார்த்துச் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதியிருந்தான். 8 42, 81 28, அகலக்கோடும் நெடுங்கோடும். அவ்வளவுதான். நீரோட்டம், காற்று இரண்டின் கணக்கும் இன்டர்நெட்டில் இலவசம். கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தேன். அதற்குள் சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

காஸ் முடிந்தே விட்டது. விறகு.

மத்தியானம் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பெருமையாக வரைபடத்தைத் திறந்தேன். தம்பி குனிந்து பார்த்தான்.

"என்னக்கா, என்ர வலை கட்டைபறிச்சான் வயலுக்குள்ள நிக்குது?"

அவனுடைய 42, நிமிடம். பாகைக்கு அறுபது. நான் 8.42 என்று அடித்திருக்கிறேன். 8.7 வர வேண்டும். பதினாறாம் தானத்துக்குச் சண்டை பிடித்தவள் முதலாம் தானத்திலேயே குப்புற விழுந்தேன். இவர் சிரித்த சிரிப்பு ஒழுங்கை முனை வரை கேட்டிருக்கும்.

திருத்திப் புரோகிராமை ஓட்டினேன். நடுக்கடலில் ஒரு புள்ளி.

"இதுதான் இடம். போய் எடு," என்றார் இவர்.

நான் விடவில்லை. மட்டையில் நிமிடம் மட்டும்தான், அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. ஒரு நிமிடம் ஒரு கடல் மைல் அளவு; அப்படியென்றால் ஒரு கடல் மைல் சதுரத்துக்குள் எங்கேயும் அறுந்திருக்கலாம். திரையில் அந்தச் சதுரத்துக்குள் ஐந்நூறு வலை போட்டு ஓட்டினேன். முதல் நாள் முழுக்க ஒரே கூட்டமாகப் போனது. பிறகு கூட்டம் நீண்டது, வளைந்தது, ஓரிடத்தில் பிய்ந்தது. ஒரு பங்கு வடக்கே, ஒரு பங்கு கிழக்கே ஆழத்துக்கு.

இவர் கதிரையை இழுத்துக் கிட்டே போட்டார். "இவ்வளவும் ஒரே வலையா?"

"ஒரே வலைதான். எங்க நிக்குது எண்டு எங்களுக்குத்தான் தெரியாது."

"பதினெட்டு வருசம் பிள்ளையளுக்கு இதைக் காட்டாமல் விட்டிட்டன்." கையைக் கட்டிக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார். கோயிலில் கூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "போட்டில இருக்கிற எண்ணெய் ஒரு பக்கம் போய்வரத்தான் காணும். எந்தப் பக்கம் எண்டு சொல்லு."

வடக்கில்தான் புள்ளிகள் அதிகம். வடக்கு என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

விடியவே போய்விட்டார்கள். இவரும்! போட்டில் ஒரு நாளும் ஏறாத மனிதர், வாந்தி வராமலிருக்கக் குளிசையும் போட்டுக்கொண்டு.

9.00 ஃபோன் எடுபடவில்லை.
10.30 எடுபடவில்லை.
11.00 சல்லி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன். புள்ளிவிபரம் படித்தவள்.
12.15 கிழக்கு என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

இரண்டு மணிக்குக் கரையில் நின்றேன். வந்த போட்டுக்குள் குவியலாக வலை. கிழிசல், அழுகின மீன் நாற்றம். அதன் மேல் இவர், முகம் இறால் நிறத்தில். நான் காட்டிய இடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளித்தான் கிடந்ததாம்.

"ரெண்டு மைல் பிழைச்சும் எப்பிடியடா கண்டுபிடிச்சனி?" இறங்கும்போதும் அவனை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

"கொடி ரெண்டு மைலுக்குத் தெரியும் அத்தான். கண்ணுக்கு எட்டிற தூரத்தில அக்கா கொண்டுபோய் விட்டிட்டா. எனக்கு அது காணும்."

நான் அழுதுவிட்டேன், அத்தனை பேருக்கும் முன்னால்.

இவர் முழங்கால் வரை தண்ணீரில் நின்றபடி தம்பியிடம் கையை நீட்டினார். அந்தச் சிகரெட் மட்டை வேண்டுமாம். நனையாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை வகுப்புக்கு."